ஒரு விநாடிப் பொடி

“மீட்டர்ல கோளாறுன்னு சொல்லிட்டேன்ல? திரும்பத் திரும்ப அதையே கொண்டுவந்து நீட்டுனா என்ன அர்த்தம்?”

இயக்குநர் சோதனை முடிவுக் காகிதத்தை மேசையில் விசிறினார். ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் ‘மின்னல்’ என்று கூப்பிடும் அந்தப் பெண்ணுக்கு எரிச்சல் மூக்கு நுனிவரை வந்துவிட்டது.

வராதா பின்னே? அங்கே செய்வது தண்ணீரிலிருந்து ஹைட்ரஜனைப் பிரிக்க உதவும் கரிப்பொடி. ஓர் அணு கனத்துக்கு ஏடு ஏடாக இருந்தால்தான் வேலை செய்யும். பதினைந்து வருடமாக அதை உலையில் மூன்று நாள் சுட்டுத்தான் எடுத்தார்கள். இவள் கட்டிய இயந்திரமோ புகைக்கரியைக் கண்ணாடிக் குழாயில் அடைத்து, பளீரென்று மின்சாரத்தைப் பாய்ச்சி, ஒரே விநாடியில் எடுத்துவிடுகிறது. காலையில் ஆரம்பித்தால் சாயங்காலத்துக்குள் மூட்டையே கட்டிவிடலாம்!

இரண்டு முறை சோதித்தார்கள். இரண்டு முறையும் அவள் பொடிதான் ஜெயித்தது. முதல்முறை தண்ணீர் சரியில்லை என்றார் இயக்குநர். அடுத்த முறை மீட்டர் சரியில்லை. உலையை வடிவமைத்தவரே அவர்தான், லேசில் விட்டுக்கொடுப்பாரா?

“இன்னைக்குக் கடைசித் தடவை. தோத்தா உன் மெஷினைப் பிரிச்சு பழைய இரும்புக்குப் போட்டுருவேன். புது மீட்டர் வந்தாச்சு. இனிமே யாரும் சாக்குச் சொல்லக் கூடாது.”

“நானா சார் சாக்குச் சொன்னேன்?”

“என்னது?”

“ஒண்ணுமில்ல சார்.”

அதற்குள் உலையைப் பார்த்துக்கொள்ளும் அம்மாள் இரண்டு குப்பிகளைத் தட்டில் ஏந்திக்கொண்டு வந்தாள். அவள் வேறு யாருமில்லை, மின்னலின் சொந்த நாத்தனார். வீட்டில் ஆரம்பிக்கும் வாய்ச்சண்டையை இருவரும் இங்கே வந்துதான் முடிப்பார்கள்.

“என்னடி, மூஞ்சி இஞ்சி தின்ன குரங்கு மாதிரி இருக்கு?”

“அண்ணி, இன்னைக்கு ஒருநாள் வம்புக்கு வராதீங்க. இது என் ரெண்டு வருஷ உழைப்பு.”

“எனக்குப் பதினஞ்சு வருஷம். ஞாயித்துக்கிழமைகூட அந்த உலை முன்னாடிதான் வெந்துக்கிட்டிருக்கேன்.”

ஒரு குப்பியில் ‘உலை’ என்றும் மற்றதில் ‘மின்னல்’ என்றும் எழுதி ஒட்டியிருந்தது. உள்ளே இருந்ததென்னவோ இரண்டும் ஒரே கறுப்பு. செய்தவளுக்கே அடையாளம் தெரியாது.

நாத்தனார் பொடிகளைத் தனித்தனி வலைத்தகட்டில் பூசி, தனித்தனித் தொட்டியில் இறக்கினாள். இயக்குநர் தன் கையாலேயே சுவிட்சைப் போட்டார். பத்து நிமிடத்தில் எந்தப் பக்கம் அதிக வாயு சேருகிறதோ, அதுவே ஜெயித்த பொடி.

முதல் நிமிடத்திலேயே ‘உலை’ பக்கம் குமிழி பொங்கிக்கொண்டு கிளம்பியது. மற்ற வேலைகளைப் போட்டுவிட்டு ஆய்வுக்கூடமே ஓடிவந்து சூழ்ந்துகொண்டது. மின்னல் தன் தொட்டியையே முறைத்துப் பார்த்தாள். ‘வாடா, வாடா’ என்று உள்ளுக்குள் கெஞ்சினாள். அது ஏனோ தானோவென்று குமிழி விட்டுக்கொண்டிருந்தது.

பத்து நிமிடம் முடிந்தது. உலை அறுபத்திரண்டு மில்லி, மின்னல் நாற்பது.

“பார்த்தியா! பார்த்தியா!” இயக்குநர் குதித்தேவிட்டார். “மூணு நாள் பொறுமைன்னா சும்மாவா?”

“சார், எங்கேயோ தப்பு நடந்திருக்கு. இன்னும் ஒரே ஒரு தடவை...”

“தண்ணி புதுசு, மீட்டர் புதுசு, சுவிட்சைப் போட்டவன் நான்! இதுல நொட்டை சொல்றவன் மனுஷனே இல்ல!”

மின்னலின் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. ரெண்டு வருஷமும் போச்சே!

“சார், சூட்டோட சூடா எழுத்துல கொடுத்துடுங்க. நாளைக்கு எவளும் பேச்சை மாத்தக் கூடாது பாருங்க” என்றாள் நாத்தனார், மின்னலை ஓரக்கண்ணால் பார்த்தபடி.

“சபாஷ்! நீதான் காரியக்காரி!”

இயக்குநர் எழுதினார். எழுதியதை எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தும் காட்டினார். “இன்றைய சோதனையில் எந்தக் குறையும் இல்லை. இதில் ஜெயித்த பொடி எந்த முறையில் செய்யப்பட்டதோ, அந்த முறையையே இனி நம் தொழிற்சாலை பின்பற்ற வேண்டும்.” கையெழுத்துப் போட்டு, முத்திரையையும் நச்சென்று குத்தினார்.

நாத்தனார் அதைப் படம் எடுத்து, அங்கேயே நின்று தொழிற்சாலைக்கு அனுப்பினாள். போய்ச் சேர்ந்துவிட்டதா என்று இரண்டு தரம் பார்த்துக்கொண்டாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்த மின்னலின் கையில் அந்தக் காகிதத்தைத் திணித்தாள்.

“கண்ணைத் தொடைச்சுக்கோடி. காலையில ரெண்டு குப்பிக்கும் லேபிளை மாத்தி ஒட்டினது நான்தான், ஜெயிச்சது உன் பொடி.”