ஆறாம் மாடி மாப்பிள்ளை

“மாப்பிள்ளைக்குப் பரம்பரை வருத்தமாம்!”

இத்தாலியின் பலெர்மோ நகரில், தான் இருக்கும் சீசாப் பகுதியிலிருந்து ஒரேத்தோ வரை இரண்டு பஸ் பிடித்து வந்து இதைச் சொன்னாள் இராசம்மா. மற்றவர் வீட்டுக் கலியாணம் என்றால் அவளுக்கு முழங்கால் வலிக்காது.

குகனேஸ்வரிக்குத் தேத்தண்ணி புரைக்கேறியது. மகள் நிரோசினிக்கு அடுத்த மாதம் கலியாணம்.

“ஆர் சொன்னது?”

“என்ரை கண்ணாலை கண்டனான். ஆஸ்பத்திரி ஆறாம் மாடி, பரம்பரை ஈரல் வருத்தக்காரரின்ரை வார்டு. நீலக் கதிரையிலை உம்மடை அனுசன், கையிலை மருந்தூசி ஏறினபடி!”

சாதகத்தில் ஒன்பது பொருத்தம் இருந்தது. ஈரல் நோயைப் பற்றிச் சாத்திரியார் மூச்சுக்கூட விடவில்லை.

பின்னேரமே அனுசனை வீட்டுக்கு அழைத்தாள்.

“என்ன மாமி, அவசரமோ?”

“இப்போதைக்கு அன்ரி எண்டே சொல்லும். ஆறாம் மாடிக்குப் போறனீரோ?”

அனுசன் சிரித்துவிட்டான். “ஓம். ஆனா எனக்கு வருத்தமில்லை அன்ரி. அது புது மருந்து. பிழையான மரபணுவைத் தொடாமல், அதின்ரை கொப்பியான ஆர்.என்.ஏ.யிலை ஒரு எழுத்தை மட்டும் திருத்துமாம். ஆபத்தில்லையோ எண்டு முதலிலை சுகமான ஆக்களுக்குத்தான் போட்டுப் பார்ப்பினம். உச்சி தொடக்கம் உள்ளங்கால் வரை சோதிச்சுத்தான் என்னை எடுத்தவை.”

“ஆபத்தெண்டால்?”

“எனக்குத்தான் முதல் தெரியவரும்.”

“பகிடி விடாதையும்! என்ரை பிள்ளையின்ரை தாலி! உமக்கேன் இந்த வேலை?”

அனுசனின் சிரிப்பு நின்றது. “சீசாவிலை எங்கடை தமிழாக்களின்ரை சின்னப்பிள்ளை ஒண்டுக்கு இந்த வருத்தம். நாளைக்கு அதுக்குப் போடவேணுமெண்டால் இண்டைக்கு ஆரும் போட்டுப் பார்க்கத்தானே வேணும்.”

“ஆற்றை பிள்ளை?”

“கேளாதையுங்கோ. வெளியிலை தெரிஞ்சால் அந்த வீட்டிலை ஒரு கலியாணமும் நடக்காதெண்டு ஒளிச்சு வைச்சிருக்கினம்.”

“சொல்லாட்டி உம்மடை கலியாணமே நிக்கும் எண்டால்?”

நிரோசினியின் அறைக் கதவை ஒருதரம் பார்த்தான். “எண்டாலும் சொல்லமாட்டன்.”

குகனேஸ்வரி அவனுக்குத் தேத்தண்ணி ஊற்றி, ஒரு கரண்டி சீனி போட்டாள். “அந்த வார்டுக்குள்ளை ஆரும் போகலாமோ?”

“இல்லை, பூட்டின கதவு. வருத்தக்காரர், அவையின்ரை வீட்டார், எங்களைப் போல ஆக்கள். அவ்வளவுதான்.”

“அப்ப இராசம்மா உம்மை என்னெண்டு கண்டவ?”

அனுசன் திருதிருவென்று முழித்தான்.

“பிழையான பஸ்ஸிலை ஏறியிருப்பா, அன்ரி.”

பலெர்மோ பஸ்கள் எங்கெங்கோ போகும்தான். ஆறாம் மாடிக்குப் போனதாக இதுவரை கேள்விப்படவில்லை.

குகனேஸ்வரி அவனுடைய தேத்தண்ணியில் இன்னொரு கரண்டி சீனி போட்டாள்.

“மாமி எண்டு கூப்பிடும், தம்பி.”