கட்டுப்படியாகிற விலை

“இந்தப் பெடலுக்கு இந்த விலையா? என்னம்மா சொல்றீங்க?”

“ஏன் அண்ணே, அதிகமா இருக்கா?”

“அதிகமா? வெளியில ஒத்தைப் பெடலுக்கே இதைவிட மூணு மடங்கு கேக்கறான். நீங்க ஜோடியையே தூக்கிக் குடுக்கறீங்க. உங்களுக்குக் கட்டுப்படியாகுமா?”

“அதை நான் பாத்துக்கறேன். ரப்பர் தேயாம இருக்கான்னு மட்டும் பாத்து வாங்கிக்குங்க.”

பழைய சைக்கிள் சாமான் விற்கும் அந்தக் கடைக்காரியை எல்லோரும் ‘ஸ்பேனர் அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். ஐம்பதைத் தாண்டியவள். மற்றவர்கள் இடுப்பில் சாவிக்கொத்து தொங்கும். இவள் இடுப்பில் ஒரு ஸ்பேனர் தொங்கும்.

எதிரில் நின்ற தையல்காரர் இரண்டு மாதங்களுக்கு முன்னால்தான் அந்தக் கடையைக் கண்டுபிடித்தார். அப்பா காலத்து வீட்டைக் காலி செய்தபோது சாமான் அறையில் கிடைத்தது என்று, துருப்பிடித்த ஃபிரேம் ஒன்றைத் தோளில் சுமந்துகொண்டு வந்தார். பருத்த டயர், எருமைக்கொம்பு போல அகன்ற ஹேண்டில், நடுவில் பெட்ரோல் டேங்க் மாதிரி ஒரு வெறும் தகரப் பெட்டி. ஒரு காலத்தில் தெருவில் போனால் எல்லோரும் திரும்பிப் பார்த்த க்ரூசர் சைக்கிள்.

அதற்கு முன் நாலு கடை ஏறி இறங்கியிருந்தார். “இதுக்குச் சாமான் வாங்கறதும் யானையைக் கட்டித் தீனி போடறதும் ஒண்ணு. எடைக்குப் போட்டுட்டுப் போங்க” என்று விரட்டாத குறைதான். ஸ்பேனர் அக்கா மட்டும் ஃபிரேமை இப்படியும் அப்படியும் புரட்டிப் பார்த்துவிட்டு, “தேடித் தர்றேன். சனிக்கிழமை சனிக்கிழமை வாங்க” என்றாள்.

வாரம் ஒன்றாகக் கிடைத்தது. செயின், ஸ்ப்ரிங் வைத்த சீட், மட்கார்ட், இன்று பெடல்.

“இப்ப வர்ற சைக்கிள்ல என்னம்மா இருக்கு?” தையல்காரர் பெடலைத் தடவினார். “இதுல பிரேக் கம்பியே கிடையாது. பெடலைப் பின்னால மிதிச்சா, சொன்ன பேச்சு கேக்கற பிள்ளை மாதிரி அப்படியே நிக்கும்.”

“தெரியும் அண்ணே. எங்கிட்டயும் ஒண்ணு இருந்துச்சு.”

“உங்ககிட்டயா?”

“பத்து வயசுல. அப்பா வாங்கிக் குடுத்தார். எனக்குக் கால் எட்டலைன்னு பெடல்ல மரக்கட்டை வெச்சுக் கட்டினார். காத்து முகத்துல அடிக்க அடிக்க, நான் பாடிக்கிட்டே போவேன். மொத்தம் பதினோரு நாள்.”

“அப்புறம்?”

“நூலகத்து வாசல்ல நிறுத்திட்டு ஒரு படப்புத்தகம் எடுக்கப் போனேன். திரும்பி வந்தா சைக்கிளைக் காணோம்.”

தையல்காரர் பெடலைத் தடவுவதை நிறுத்தினார்.

“ஒரு பழைய இரும்புக் கடை விடலை. எவனாவது பிரிச்சு வித்திருந்தா ஒரு துண்டாவது கண்ணுல படாதான்னு வருஷக்கணக்கா தேடினேன். தேடித் தேடி, எந்தச் சாமான் எந்த வண்டிக்குன்னு அத்துப்படி ஆயிடுச்சு. கடைசியில அதுவே பொழைப்பாவும் ஆயிடுச்சு, போங்க!”

அவள் சிரித்தாள். அவர் பெடல்களைப் பைக்குள் போட்டுக்கொண்டு, போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் கிளம்பினார்.

அடுத்த மூன்று சனிக்கிழமைகள் அவர் வரவில்லை.

நான்காவது சனிக்கிழமை காலையில் கடை வாசலில் அந்த சைக்கிள் நின்றது. புதுச் சிவப்பு வண்ணம், ஓரத்தில் வெள்ளைக் கோடு. வெயில் பட்டு ஹேண்டில் மின்னியது. அதைப் பிடித்துக்கொண்டு நின்ற தையல்காரரின் முகத்தில்தான் ஒரு களையும் இல்லை.

“இது என்னுது இல்லம்மா.”

அவள் கையிலிருந்த வேலையைக் கீழே வைத்தாள்.

“அப்ப எனக்குப் பன்னெண்டு வயசு. ஒரே ஒரு ரவுண்டுன்னுதான் எடுத்தேன், சத்தியமா. திருப்பி விட வந்தா, நூலகத்து வாசல்ல கூட்டம். நடுவுல ஒரு சின்னப் பொண்ணு தேம்பிக்கிட்டு நிக்குது. பயந்துட்டேன். ஓட்டிட்டுப் போய் எங்கப்பா துணி மூட்டை அடுக்கற அறையில ஒளிச்சேன். அன்னைக்கு இறங்கினவன்தான். இன்னிவரைக்கும் அதுல ஏறினதில்லை.” அவர் ஹேண்டிலை அவள் பக்கம் திருப்பினார். “அந்தப் பொண்ணு நீங்கன்னு தெரியாம உங்ககிட்டயே சாமான் வாங்கியிருக்கேன். நாலு வாரமா தூக்கமில்லை. என்னை என்ன வேணாலும் திட்டுங்கம்மா. ஆனா இதை எடுத்துக்குங்க.”

அவள் சைக்கிளைச் சுற்றி வந்தாள். சீட்டைத் தட்டினாள். டயரை அழுத்தினாள். பிறகு எங்கோ பார்த்தபடி, தடுமாறாமல், ஓர் ஏழு இலக்க எண்ணைச் சொன்னாள்.

தையல்காரர் குனிந்து பார்த்தார். ஃபிரேமின் அடியில் வெட்டியிருந்த எண் அதுவேதான்.

“அப்பா மனப்பாடம் பண்ண வெச்ச நம்பர். நீங்க இதைத் தோள்ல தூக்கிட்டு வந்த அன்னைக்கே பாத்துட்டேன் அண்ணே. நீங்களா வாயைத் திறக்கட்டும்னு இருந்தேன்.”

“அப்பவே தெரியுமா? தெரிஞ்சுமா எனக்குப் பாத்துப் பாத்து நல்ல சாமானா எடுத்துக் குடுத்தீங்க? அதுவும் அடிமாட்டு விலைக்கு!”

“பின்ன?” ஸ்பேனர் அக்கா சைக்கிளில் ஏறி உட்கார்ந்தாள். “சொந்த சைக்கிளுக்கு யாராவது கொள்ளை விலை வைப்பாங்களா?”