இரண்டாவது சம்மதம்

"இந்த வரிய எழுதின மகராசன் யாரு?"

அச்செடுத்த தாளை அவன் மேசைமேல் அறைந்தாள்.

எழுதியவன் அவன்தான் என்று அவளுக்குத் தெரியும். அவன் எழுதும் கணினி நிரலைப் பிழை தேடி உடைத்துப் பார்ப்பதுதான் அவள் வேலை. அதனாலேயே அலுவலகத்தில் அவளுக்குச் சுத்தியல் என்று பெயர்.

ஒரு மாதமாக இருவருக்கும் பேச்சு இல்லை. அவளைப் பெண் கேட்டுப் போன அவன் அம்மா, "வேணாம்னுட்டாங்கடா" என்று திரும்பி வந்த நாளிலிருந்து. பிடிக்கவில்லை என்றால் நேரில் சொல்லித் தொலைத்திருக்கலாமே என்ற கோபம் அவனுக்குள் இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

தாளைப் பார்த்தான். ஆஸ்பத்திரிக்காக எழுதியது. வீட்டாரின் சம்மதமும் நோயாளியின் சம்மதமும் இருந்தால் அறுவை சிகிச்சை. இரண்டும் ஒரே வரியில்.

"இதுல என்ன தப்பு?"

"ஆபரேஷனுக்குக் காத்திருக்கிற ஒரு அம்மாவோட மகன் வேணாம்னு அழுத்தியிருக்கான். உன் புரோகிராம் அதோட கடையைச் சாத்திடுச்சு. அந்தம்மாவுக்குப் படிவமே போகல. காலைலேருந்து ஃபோனைக் கையில வச்சுக்கிட்டு உக்காந்திருக்காங்களாம். நர்ஸ் என்னைப் பிடிச்சு வாங்கு வாங்குன்னு வாங்குறாங்க."

"கம்ப்யூட்டர் அப்படித்தான். முதலாவது இல்லைன்னாலே மொத்தமும் இல்லைதான். அப்புறம் ரெண்டாவதைக் கேட்டு என்ன ஆகப்போகுது?"

சுள்ளென்றுதான் சொன்னான். வலிக்கட்டும் என்றுதான் சொன்னான்.

அவள் தாளை எடுத்து நான்காக மடித்தாள்.

"எங்க அண்ணனும் நேத்து இதையேதான் சொன்னான், நான் வேணாம்னுட்டேன், அப்புறம் உன்னைக் கேட்டு என்ன ஆகப்போகுதுன்னு. உங்கம்மா வந்துட்டுப் போனதே எனக்கு நேத்துதான் தெரியும். ஒரு மாசமா நீ எதுக்கு மூஞ்சியத் திருப்பிக்கிறேன்னு தெரியாம பைத்தியம் மாதிரி அலைஞ்சிருக்கேன்."

வேணாம்னுட்டாங்க.

யார் என்று அவனும் அம்மாவிடம் கேட்கவில்லை.

திரையின் பக்கம் திரும்பினான். அந்த ஒற்றை வரியை இரண்டாகப் பிரித்தான். நோயாளியை முதலில் வைத்தான். மகன் என்ன சொன்னாலும், கேள்வி அவளுக்குப் போய்ச் சேரும்.

சேமித்துவிட்டு, நிமிராமலே கேட்டான். "நீ... நீ என்ன சொல்லியிருப்பே?"

"மொதல்ல அந்தம்மாவைக் கேளு."

கோபம் இன்னும் இறங்காத குரல்தான். ஆனால் தன் இடத்துக்குப் போகாமல், பக்கத்து நாற்காலியைத் தரதரவென்று இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.