ஒரு பெயருக்கான வெயில்

"வெயில ஊத்தி ரேடியோ ஓட்டுவியாடி நீ?"

போன சித்திரையில் சந்திரலேகா அக்கா என்னிடம் கேட்டது. குடிகாட்டுப் பக்கம் பழைய இரும்புக் கடையில் வாங்கிய உடைந்த சோலார் செல்களை மாடியில் உட்கார்ந்து ஈயம் வைத்துப் பற்றவைத்துக்கொண்டிருந்தேன். கேட்டுவிட்டு அவள் சிரித்துக்கொண்டே துணி காயப்போட்டாள்.

கார்த்திகையில் புயல் வந்தது. தேவனாம்பட்டினத்தில் மூன்று நாள் கரண்ட் இல்லை. போன் டவரும் விழுந்துவிட்டது.

புயலுக்கு முன்பே கடலுக்குப் போன ஒரு போட் திரும்பவில்லை. அதில் எங்கள் தெரு ஆட்கள் இரண்டு பேர். ஒருவர் சந்திரலேகா அக்காவின் புருஷன் கண்ணாயிரம். இன்னொருவர் அவளுக்குப் பக்கத்து வீட்டு அமிர்தம் அக்காவின் புருஷன் இளவரசு.

நாலாம் நாள் காலையில் இரண்டு அக்காக்களும் எங்கள் மாடிக்கு ஏறி வந்தார்கள்.

என்னிடம் இருப்பது சோப்புப் பெட்டி அளவு ரேடியோ செட். அதில் பேச முடியாது. தந்தி அடிப்பதுபோல ஒரு விசையைத் தட்டி எழுத்து எழுத்தாக அனுப்ப வேண்டும். வகுப்பில் எழுந்து வாய் திறக்க முடியாமல் பத்தாவதோடு நின்றுவிட்ட எனக்கு அது வசதியாக இருந்தது. பரீட்சை எழுதி லைசென்சும் வாங்கியிருந்தேன்.

பேட்டரியில் உப்புத்தண்ணீர் ஏறிவிட்டதால் செல்களிலிருந்து நேராக செட்டுக்கு ஒயர் கொடுத்தேன். வெயில் அடித்தால் ஓடும். மேகம் வந்தால் நிற்கும். கேட்பதற்கு மங்கலான வெளிச்சம் போதும். அனுப்புவதற்குத்தான் நல்ல வெயில் வேண்டும்.

செல்கள் ஒட்டிய பலகையை மாட்டியிருந்த சட்டத்தைக் காற்று கொண்டுபோய்விட்டது. யாராவது கையில் பிடித்துச் சூரியனுக்கு நேராகக் காட்ட வேண்டும். ஒரு செல்லின் மேல் விரல் நிழல் விழுந்தாலும் மொத்தமும் செத்துப்போகும்.

அமிர்தம் அக்கா ஓரத்தை மட்டும் பிடித்துத் தூக்கிக்கொண்டாள். மீன் கூடை சுமக்கிற கை. அசையவில்லை.

செட்டில் சிதம்பரத்து வைத்திலிங்கம் சார் கிடைத்தார். என்னைப் போல லைசென்ஸ் வைத்திருப்பவர். நேரில் பார்த்ததில்லை. கரை ஒதுங்கியவர்களை அந்தப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கவைத்திருப்பதாகவும், தான் அதன் வாசலில் இருப்பதாகவும் சொன்னார். பல ஊர் ஆட்கள், நூறு பேருக்கு மேல். பெயர் கொடுத்தால் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றார்.

வானத்தில் மேகங்களுக்கு நடுவே ஒரே ஒரு இடைவெளிதான் இருந்தது. நான் ஒரு விரலைக் காட்டினேன்.

ஒரு பெயர்.

எங்கள் தெருவில் பெண்கள் புருஷன் பெயரைச் சொல்வதில்லை. ரேஷன் கடைக்கு இவர்கள் இரண்டு பேரும் சேர்ந்தே போவார்கள். இவள் புருஷன் பெயரை அவள் சொல்வாள். அவள் புருஷன் பெயரை இவள் சொல்வாள். பல வருஷமாக அப்படித்தான்.

அமிர்தம் அக்கா வாயைத் திறந்தாள். கண்ணாயிரம் என்று சொல்லத்தான் திறந்திருப்பாள்.

அதற்குள் சந்திரலேகா அக்கா முந்திக்கொண்டாள்.

"இளவரசு. சீக்கிரம் கேளுடி."

இருப்பது ஒரு பெயருக்கான வெயில். அதைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள் என்று நினைத்தேன். அமிர்தம் அக்காவும் அப்படித்தான் நினைத்தாள் போலிருக்கிறது. அவள் கண் நிறைந்தது. பலகையை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தாள்.

அனுப்பினேன்.

நாலைந்து நிமிஷம் ஆகியிருக்கும். ஹெட்போனில் இரைச்சல் மட்டும் கேட்டது. பிறகு வைத்திலிங்கம் சார் வந்தார். ஒவ்வொரு எழுத்தாக நோட்டில் வாங்கி, தமிழில் எழுதி, இருவருக்கும் தெரியும்படி தூக்கிக் காட்டினேன்.

இருக்கிறார். காலில் அடி. காலையில் இட்லி சாப்பிட்டார்.

சந்திரலேகா அக்கா தண்ணீர்த் தொட்டியில் சாய்ந்தபடியே வழுக்கிக் கீழே உட்கார்ந்தாள். முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு அழுதாள். உடம்பு முழுவதும் குலுங்கியது.

"எனக்குத் தெரியும். வந்துடறேன்னு எங்கிட்ட சொல்லிட்டுத்தான் போச்சு."

அமிர்தம் அக்கா அழவில்லை. அவளைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

நான் நினைத்ததைவிட இடைவெளி பெரிதாக இருந்தது. வெயில் இன்னும் இருந்தது. இன்னொரு பெயர் அனுப்பலாம் என்று மறுபடி விரலைக் காட்டினேன். சந்திரலேகா அக்கா நிமிரவே இல்லை. அழுகைக்கு நடுவில் சிரிப்பும் வந்தது அவளுக்கு.

அவளுக்காக நானே கண்ணாயிரம் என்று தட்ட ஆரம்பித்தேன். இங்கிலீஷில் பத்து எழுத்து.

நாலாவது எழுத்தில் செட் நின்றுவிட்டது.

மேகம் என்று நினைத்துத் தலையைத் தூக்கினேன். வெயில் அப்படியே இருந்தது. பலகை தரையில் குப்புறக் கிடந்தது. கீழே போடவில்லை, பதமாகத்தான் வைத்திருந்தாள். ஒரு செல்கூட உடையவில்லை.

அமிர்தம் அக்கா படி இறங்கிப் போய்க்கொண்டிருந்தாள்.