தூக்குப்போசியில் ஓர் ஆட்சேபனை

நெடுஞ்சாலையை அகலப்படுத்துவது பற்றிக் கல்யாண மண்டபத்தில் கருத்துக்கேட்புக் கூட்டம். கத்தியவர்கள் கத்தி ஓய்ந்தபின், கடைசி ஆளாக வந்த பாவாத்தாள் கிணற்றுத் தண்ணீர் நிறைந்த தூக்குப்போசியை மேசைமேல் வைத்தாள்.

"எழுதிக் குடுக்கோணும்மா" என்றார் சர்வேயர்.

"இதானுங்க என்ற மனு. குடிக்கிற கெணறா இருந்தா ரோட்டைத் தள்ளிப் போடோணும்னு உங்க நோட்டீசே சொல்லுது. எங்க கெணத்தைப் பாழுங்கெணறுன்னு எழுதிப் போட்டீங்களே?"

அவர் பதிவேட்டைப் புரட்டினார். அவர் கையெழுத்தேதான். எட்டு மாதத்துக்கு முன் அளக்க வந்த அன்று கார்க் கண்ணாடியைக்கூட இறக்காமல் அவர் எழுதிக்கொண்டு போனதை வரப்பில் நின்று பார்த்தவள் அவள்.

காலையிலிருந்து ஏச்சு வாங்கி அவருக்குத் தொண்டை வறண்டிருந்தது. மூடியைத் திறந்து, அண்ணாந்து மடக்மடக்கென்று குடித்தார். மண்டபமே அவர் தொண்டைக்குழியைப் பார்த்தது. வாயைத் துடைத்துக்கொண்டு, 'பாழ்' என்பதை அடித்துவிட்டு, 'குடிநீர்' என்று எழுதி முத்திரை குத்தினார்.

பாவாத்தாள் மீதித் தண்ணீரோடு போசியை எடுக்கப் போனாள். மேசையின் மறுகோடியில், அதுவரை வாயே திறக்காத பெரிய அதிகாரி, தன் காலி டம்ளரை மெல்ல அவள் பக்கம் நகர்த்தினார்.