ஆறாம் வார்டில் பூஜ்யம்

“பிச்சைமுத்து மாமா வீட்டு மாம்பழமும் ஊழலாப்பா?” என்று மகள் காவ்யா ஒருநாள் கேட்டாள்.

பிச்சைமுத்து வருஷாவருஷம் கொடுத்தனுப்பும் மாம்பழக் கூடையை அருள்மணி வாசலோடு திருப்பி அனுப்பிய நாள் அது. அவன் புதுக் கட்சியில் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. “யார்கிட்டயும் எதுவும் வாங்கக் கூடாதுங்கிறது எங்க கொள்கை, கண்ணு” என்றான். கட்சித் தலைவரே மாம்பழம் வரைக்கும் யோசித்திருக்க மாட்டார் என்று மணிமேகலை நினைத்துக்கொண்டாள். புருஷனிடம் சொல்லவில்லை.

இன்றைக்கு ஊர் அந்தக் கொள்கைக்கு மார்க் போட்டுவிட்டது. பேரூராட்சித் தேர்தலில், ஆறாம் வார்டில், அருள்மணி வாங்கிய ஓட்டு பூஜ்யம். இருபது வருஷம் அவனோடு ஒரே கொடியைப் பிடித்த பிச்சைமுத்து, பழைய கட்சியின் வேட்பாளராக நின்று, இன்னொரு கட்சிக்காரரை மூன்றே ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்திருந்தார்.

வீட்டுக் கூடத்தில் புதுக் கட்சிக்காரர்கள் ஆறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். போன வெள்ளிக்கிழமைதான் மாரியம்மன் கோயிலில் கற்பூரத்தை அணைத்து, “எங்க ஓட்டு அருள்மணிக்குத்தான்” என்று சத்தியம் செய்தவர்கள்.

“ஆறு பேருல ஒருத்தன்கூடவாடா இல்ல?” அருள்மணி ஆறு பேரையும் மாறி மாறிப் பார்த்தான்.

“நான் போட்டேண்ணே, எங்காத்தா மேல சத்தியமா.”

“ஒங்காத்தா செத்து நாலு வருஷம் ஆச்சுடா.”

மாவட்டப் பொறுப்பாளர் விக்ரம் கையை உயர்த்தி எல்லாரையும் அடக்கினான். “அண்ணே, பூஜ்யம்தான் நமக்கு அதிர்ஷ்டம். ஒரு ஓட்டு வாங்கியிருந்தாக்கூட ஊரு சிரிச்சிட்டுப் போயிரும். பூஜ்யம்னா கேஸு. வேட்பாளர் தனக்குப் போட்ட ஓட்டு எங்க போச்சு? மிஷின்ல கோல்மால். பிச்சைமுத்து ஜெயிச்சதே செல்லாதுன்னு கோர்ட்டுக்குப் போறோம்.”

ஆறு பேரும் தலையை ஆட்டினார்கள். தங்கள் ஓட்டும் காணாமல் போனதாகக் கையெழுத்துப் போடத் தயார் என்றார்கள். அவர்கள் முகத்தில் இப்போதுதான் உயிர் வந்தது.

“நீங்க போட்டீங்கள்ல?” என்று விக்ரம் கேட்டான்.

“பட்டனை அமுக்கினேன். பீப் சத்தம் கேட்டுச்சு” என்றான் அருள்மணி.

“அது போதும்ணே. கையெழுத்தப் போடுங்க” என்று விக்ரம் மனுக் காகிதத்தை நீட்டினான்.

“மூஞ்சியக் கழுவிட்டு வாரேன்” என்று அருள்மணி காகிதத்தை எடுத்துக்கொண்டு எழுந்தான்.

அடுப்படியில் நின்ற மணிமேகலை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். ஆறு பேரை மட்டும் துரோகி என்று எப்படிச் சொல்வது? ஓட்டுப் போட அட்டை மறைப்புக்குள் போனபோது அவளைச் சாமி மட்டும்தான் பார்த்தது. அவள் விரல் பிச்சைமுத்துவின் சின்னத்தைத்தான் தொட்டது.

அவளால் வேறு எப்படிப் போட முடியும்? ஒன்பது வருஷத்துக்கு முன், குவைத்தில் அருள்மணியின் பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைத்துக்கொண்டு முதலாளி அவனை வீட்டுக்குள்ளேயே பூட்டிப்போட்டான். கைக்குழந்தையோடு நின்றவளை, “அழுவாத தாயி, நான் இருக்கேன்” என்று சொல்லிவிட்டு, பிச்சைமுத்துதான் நாலு தடவை சென்னைக்குப் பஸ் ஏறினார். எம்.பி.யிடம் சிபாரிசுக் கடிதம் வாங்கி, அவனை ஊர் கொண்டுவந்து சேர்த்தார்.

சிபாரிசை ஒழிப்பது புதுக் கட்சியின் இன்னொரு கொள்கை. கடைசி நாள் பிரசாரத்தில் அருள்மணி மைக்கைப் பிடித்து முழங்கினான். “நான் ஊர் திரும்புனதே ஒரு சிபாரிசு லெட்டராலதான்! அதுவும் ஊழல்தான்! அதை வாங்கித் தந்தவரும் ஊழல்வாதிதான்!” எதிரே டீக்கடையில் நின்றிருந்த பிச்சைமுத்து, பாதி குடித்த கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் நடந்து போனார். கைதட்டல் மட்டும் வெகுநேரம் கேட்டது.

இப்போது அதே மனிதரைக் கோர்ட்டு வாசலில் நிறுத்தப் போகிறார்கள்.

மணிமேகலை கொல்லைப் பக்கம் போனாள். அருள்மணி குழாயைத் திறந்துவிட்டு, முகம் கழுவாமல், தண்ணீர் ஓடுவதையே பார்த்துக்கொண்டு நின்றான்.

“என்னங்க, என்னைய அடிச்சாலும் சரி. நான் ஒங்களுக்குப் போடலை. பிச்சைமுத்து அண்ணனுக்குத்தான் போட்டேன்.”

அவன் குழாயை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டான்.

“அந்த ஆறு பேரும் போட்டிருக்க மாட்டாங்க. பொய்க் கையெழுத்துப் போட்டு அவரக் கோர்ட்டுக்கு இழுக்காதீங்க. நம்ம புள்ளைக்கு ஆகாதுங்க.”

அவளுக்கே குழப்பமாக இருந்தது. இவர் ஓட்டு ஒன்றாவது விழுந்திருக்க வேண்டுமே? விக்ரம் சொல்வதுபோல மிஷின்தான் விழுங்கிவிட்டதா?

“என் ஓட்டு போகட்டும். ஒங்க ஓட்டு எங்கங்க போச்சு?” என்றாள் மெதுவாக.

அருள்மணி குழாயை மூடினான். கையெழுத்துப் போடாத காகிதத்தை நாலாகக் கிழித்தான். கூடத்தில் இருப்பவர்கள் காதில் விழாதபடி, அவள் பக்கம் குனிந்து சொன்னான்.

“நானும் அண்ணனுக்குத்தான் போட்டேன், மேகலை.”