கோணிமேல் ஓர் உப்புக்கல்

மரக்காணம் உப்புக் கொட்டகைக்குள், கீற்று இடுக்கு வழியாக நண்பகல் வெயில் கோணிமேல் விழுகிறது. அந்தக் கோணிதான் போர்க்களம். செங்கல் துண்டு, அரக்கன். ஆளுக்கொரு வேடம் எடுத்து ஆடும் இந்தப் பகடை விளையாட்டைத் துபாயிலிருந்து கொண்டுவந்த ரயான் நாளைக்குத் திரும்பிப் போகிறான். லீவு முழுக்க அவனுடைய அரக்கனை ஒருவராலும் சாய்க்க முடியவில்லை. உப்பளத்துப் பையன் செந்தமிழ் கூச்சலிட்டு வெட்டவைத்த வீரன், ஒரு சோடா மூடி, இப்போது கவிழ்ந்து கிடக்கிறது. “அவ்ளோதான்டா, எல்லாரும் காலி,” என்று ரயான் பகடைகளை அள்ளுகிறான். “நான் இருக்கேண்ணா,” என்கிறாள் செந்தமிழின் தங்கை ரேணுகா. விளையாட்டில் அவள்தான் திருடி. “ஒளிஞ்சு நடக்கறேன்னு ஒவ்வொரு வாட்டியும் சொன்னேனே.” அவள் விரல் காட்டும் இடத்தில், செங்கல்லின் முதுகை ஒட்டி, அவளுடைய காய்: ஓர் உப்புக்கல். உப்பளத்தில் உப்புக்கல்லை யார் பார்க்கிறார்கள்? ரயானின் முகம் வெளுக்கிறது. மறைந்திருந்து குத்தினால் ஒரே குத்துக்கு ஐந்து பகடை. அவன் சொன்ன விதிதான். “எங்க குத்தற?” “பிடரியில.” பகடைகள் உருண்டு நிற்கின்றன. அரக்கனின் மிச்ச உயிரைவிட அதிகமாகவே விழுந்திருக்கிறது. ஒரு கையால் செங்கல்லைச் சாய்க்கும் ரயான், மறுகையால் தன் பிடரியைத் தடவியபடி சட்டென்று திரும்பிப் பார்க்கிறான். பின்னால், கூரை வரைக்கும் உப்பு.